குடிக்காத குடும்பம் ஷாம்பெயின் ஊருக்குப் போய் என்ன செய்வது?

கேட்டது இதுதான். பாரிஸில் ஐந்து நாள் தங்குகிறீர்கள். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு மூட்டுவலி, கூடவே பத்து வயதுப் பையன். வீட்டில் யாரும் மதுவைத் தொடுவதில்லை. ஒரு நாள் வெளியூர் போய்வர ரான்ஸ் நல்ல ஊர் என்று ஒருவர் சொல்ல, "அது ஷாம்பெயின் ஊர், நமக்கு அங்கே என்ன வேலை" என்று இன்னொருவர் தடுத்துவிட்டார். போகலாமா, வேண்டாமா?

போங்கள். நானும் குடிப்பதில்லை. பாரிஸ் புறநகருக்குக் குடிவந்த பிறகு, ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு ஏழெட்டு முறையாவது போயிருப்பேன். அதில் பாதிப்பேர் சைவம், முக்கால்வாசிப்பேர் குடிக்காதவர்கள். திரும்பி வரும்போது யாரும் ஏன் போனோம் என்று கேட்டதில்லை. ஷாம்பெயின் அந்த ஊரின் தொழில், அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் பட்டுச்சேலை வாங்கியாக வேண்டும் என்று சட்டமா என்ன?

முதலில் பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ரீம்ஸ் என்பார்கள். எழுத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் வாசிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் மூக்கால் 'ரான்ஸ்' என்பார்கள். டிக்கெட் கவுன்டரில் உதவும்.

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையமான கார் து லெஸ்டில் இருந்து டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரான்ஸுக்கு இரண்டு நிலையங்கள். ஊர் நடுவில் இருப்பது 'ரான்ஸ் சான்த்ர்'. ஊருக்கு வெளியே வயல்காட்டில் நிற்பது 'ஷாம்பாஞ் ஆர்தென்'. நான் முதல் தடவை டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல் இரண்டாவதில் போய் இறங்கி, டிராம் பிடித்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. டிக்கெட்டில் 'சான்த்ர்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும்.

இன்னொரு வசதி. கார் து லெஸ்டில் இருந்து லா ஷப்பெல் நடக்கும் தூரம்தான். அதுதான் பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு, பெரும்பாலும் ஈழத்தமிழர்களின் கடைகள். முந்தின நாள் மாலையே அங்கே போய் நாலு ரோல்ஸ், கொஞ்சம் வடை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரான்ஸில் சைவச் சாப்பாடு கிடைக்காமல் இல்லை. ஆனால் பிரெஞ்சு உணவகங்கள் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். பையனுக்கு மூன்று மணிக்குப் பசித்தால் உங்களுக்குத்தான் பாடு.

நிலையத்தில் இறங்கியதும் அம்மாவால் முடிந்தால் நடக்கலாம். பேராலயம் பதினைந்து இருபது நிமிடத்தில் வந்துவிடும், வழி சமதளம். இல்லையென்றால் டிராம். பையனிடம் டிராமின் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாம்பெயின் கோப்பையின் வடிவத்தில் செய்திருக்கிறார்கள். தொழில்பக்தி!

சரி, பேராலயம். இதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் நோத்ர்தாமைப் பார்த்துவிட்டு வருபவர்கள் "இதுவும் அதே மாதிரிதானே" என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள், அது தவறு. முன்பிருந்த கோவில் 1210இல் எரிந்துபோக, 1211இல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். பெயர் இதற்கும் நோத்ர்தாம்தான். கோபுரங்களின் உயரம் 81 மீட்டர். சிற்பங்கள் 2,300க்கும் மேல். நம் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த முகப்பு அந்நியமாகத் தெரியாது. கல்லில் இடம் விடாமல் ஆட்களை நிரப்பும் பழக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

பிரான்சின் அரசர்களில் பெரும்பாலோர் இங்கேதான் முடிசூட்டிக்கொண்டார்கள். பாரிஸில் அரண்மனை இருந்தாலும் முடி சூட ரான்ஸுக்கு வந்தாக வேண்டும். பிராங்க் இனத்தின் அரசன் க்ளோவிஸ் ஐந்தாம் நூற்றாண்டின் முடிவில் இங்கே ஆயர் ரெமியிடம் ஞானஸ்நானம் பெற்றான், அதனால் வந்த மரியாதை. 816இல் லூயி பக்தனில் தொடங்கி 1825இல் பத்தாம் சார்ல் வரை, முப்பதுக்கும் மேற்பட்ட அரசர்கள். 1429 ஜூலை 17 அன்று ஏழாம் சார்ல் முடிசூடியபோது பக்கத்தில் கொடியோடு நின்றவள் ஜான் தார்க், நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்போம். புதுச்சேரியில் கப்ஸ் கோவிலுக்கு எதிரே வெள்ளைச் சிலையாக நிற்பாளே, அதே பெண். எதிரி நிலத்தின் வழியாக அரசனை இந்த ஊருக்கு அழைத்து வந்ததுதான் அவள் செய்த பெரிய காரியம். இங்கே முடிசூடாதவரை அவனை முழு அரசனாக ஊர் ஏற்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே போவதற்கு முன் முகப்பின் இடது வாசலுக்குப் போங்கள். அங்கே ஒரு தேவதூதர் சிரித்துக்கொண்டு நிற்பார். கன்னம் லேசாக உப்பி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஏதோ குறும்பு செய்துவிட்டு வந்ததுபோல ஒரு சிரிப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பம். அதே வாசலில் தலை வெட்டுப்பட்ட ஆயர் ஒருவரும் இருக்கிறார், செயின்ட் நிக்கேஸ். அந்தச் சோகத்துக்குப் பக்கத்தில் இந்தச் சிரிப்பு.

முகத்தை உற்றுப் பாருங்கள். அது ஒட்டவைத்த முகம். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் குண்டுகள் இந்தக் கோவில்மீது விழுந்தன. வடக்குக் கோபுரத்தில் பழுதுபார்ப்பதற்காகக் கட்டியிருந்த மரச்சாரம் தீப்பிடித்தது. அங்கிருந்து தீ கூரைக்குப் போனது. கூரை முழுக்கப் பழைய ஓக் மரம், மேலே ஈயத் தகடு. ஈயம் உருகி, மழைநீர் வடியும் கல் பூதங்களின் வாய்வழியாக ஒழுகி அப்படியே உறைந்துபோனது. ஈயத்தைக் கக்கியபடி நிற்கும் அந்தக் கற்களைப் பக்கத்திலிருக்கும் தோ அரண்மனையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். (பெரிய பழுதுபார்ப்புக்காக 2022இல் அரண்மனையை மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) இதில் இன்னொரு கொடுமை, அன்று கோவிலுக்குள் வைக்கோலில் படுத்துக் கிடந்தவர்கள் காயம்பட்ட ஜெர்மன் வீரர்கள். அவர்களுடைய சொந்தப் படையின் குண்டு.

எரிந்து விழுந்த சாரம் தட்டி தேவதூதரின் தலை உடைந்து கீழே சிதறியது. கோவில் பாதிரியார் ஒருவர் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்தார். நல்லவேளையாக, பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்தச் சிற்பத்தின் அச்சு ஒன்று இருந்தது. அதை வைத்துத் துண்டுகளைச் சேர்த்து, 1926இல் தலையைத் திரும்பப் பொருத்தினார்கள். என்னோடு வந்த பெரியப்பா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சிரிப்பு மட்டும் சிதையாம கெடச்சிருக்கு பாரு" என்றார். வழிகாட்டிப் புத்தகத்தில் இதைவிட நன்றாக நான் படித்ததில்லை.

கூரையை மறுபடி மரத்தில் போடவில்லை. ஆன்ரி தெனூ என்ற கட்டடக் கலைஞர் சிறு சிறு கான்கிரீட் துண்டுகளை வார்த்து, மரச்சட்டம்போல ஒன்றோடொன்று பூட்டிக் கூரை அமைத்தார். இனி தீ பிடிக்காது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார். கோவிலை முழுமையாகத் திறக்க 1938 ஆகிவிட்டது. கோடைக்காலத்தில் கோபுரத்துக்கு மேலே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், ஆனால் சுமார் 250 படி. அம்மா கீழேயே உட்காரட்டும்.

உள்ளே மூன்று சன்னல்களைத் தேடிப் பாருங்கள். கடைசிக் கோடியில், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் நீலச் சன்னல் ஓவியர் மார்க் ஷகாலுடையது, 1974இல் வைத்தது. காலை வெயிலில் அந்த நீலம் தரையில் கிடக்கும். அதன் இரண்டு பக்கமும் சிவப்பு, மஞ்சள், நீலத் துண்டுகளாகச் சிதறினாற்போல இருப்பவை இமி க்னோபல் என்ற ஜெர்மன் ஓவியர் 2011இல் செய்தவை. ஜெர்மன் குண்டில் கண்ணாடி இழந்த கோவிலுக்கு ஒரு ஜெர்மானியரின் கண்ணாடி. 1962இல் பிரெஞ்சு அதிபர் தெகோலும் ஜெர்மன் பிரதமர் அடெனவரும் இதே கோவிலில் சேர்ந்து நின்று வழிபட்டார்கள். அதைச் சொல்லும் கல் வாசலுக்கு முன்னால் தரையில் இருக்கிறது, கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போவோம். மூன்றாவது, தெற்குப் பக்கச் சிறகில் 1954ஆம் ஆண்டுச் சன்னல். ஷாம்பெயின் தொழிலாளர்களின் வேலையை வரிசையாகக் கண்ணாடியில் வரைந்திருக்கிறார்கள், திராட்சை பறிப்பது, பிழிவது, பீப்பாய். மதியம் ஷாம்பெயின் நிலவறைக்குப் போவதற்கு முன் பையனுக்கு இதைக் காட்டிவிட்டால் அங்கே சொல்வது எளிதாகப் புரியும்.

ஒன்று அங்கே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். கோவில் நடுவில் தரையில் ஒரு சிக்கல்வழிக் கோலம் பதித்திருந்தது. நான்கு தலைமைச் சிற்பிகளின் பெயரும் அதில் இருந்தது. குழந்தைகள் அதன்மேல் ஓடி விளையாடிச் சத்தம் போடுகிறார்கள் என்று 1779இல் கோவில்காரர்களே பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். குண்டும் புரட்சியும் செய்யாத வேலை. இன்று பிரான்சில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் வாசலில் மாட்டும் சின்னம் அந்தக் கோலத்தின் வரைபடம்தான்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சனிக்கிழமையாக இருந்தால் பூலாங்ரான் சந்தைக்குப் போகலாம். 1920களின் கான்கிரீட் வளைவுக்கூரை, உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. பழம், ரொட்டி, சீஸ் வாங்கிக்கொள்ளலாம். ஊரில் வாங்கிப்போக வேண்டியது ரான்ஸின் இளஞ்சிவப்பு பிஸ்கட். இரண்டு முறை வேகவைத்து மொறுமொறுப்பாக்கி, மேலே சர்க்கரை தூவியது. ஊர்க்காரர்கள் ஷாம்பெயினில் தோய்த்துத் தின்பார்கள். காபியிலும் நன்றாகவே இருக்கிறது, எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆனால் இதில் முட்டை உண்டு. அந்தச் சிவப்பும் பழைய முறைப்படி கார்மைன் என்ற சாயம், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. அம்மா சுத்த சைவம் என்றால் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது நீங்கள் தயங்கும் விஷயம், நிலவறை. ஒன்றுக்காவது போக வேண்டும், ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இந்த ஊர் நிற்பது சாக்பீஸ்மேல். உண்மையாகத்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவோமே, அதே மாதிரி வெள்ளைச் சுண்ணப்பாறை. ரோமானியர் காலம் தொட்டு ஊர் கட்ட அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள். மேலே விளைநிலம் வீணாகக்கூடாது என்று வாயைச் சின்னதாக வைத்துக்கொண்டு, கீழே போகப்போக அகலமாக வெட்டினார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு பிரமிடுக்குள் நிற்பதுபோல இருக்கும், உச்சியில் ஒரு சதுரம் வெளிச்சம். இவற்றை க்ரேயேர் என்பார்கள். சில முப்பது மீட்டருக்கும் மேல் ஆழம் போகின்றன. பின்னால் ஷாம்பெயின் கம்பெனிகள் வந்து, பள்ளங்களைச் சுரங்கப்பாதையால் இணைத்து, பாட்டில்களை அடுக்கின. ஏனென்றால் வெயிலானாலும் பனியானாலும் அங்கே எப்போதும் பத்து டிகிரியை ஒட்டித்தான். சுவரில் விரல் வைத்துப் பாருங்கள். குளிர்ந்து, ஈரமாக, விரல்நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். என் அக்கா மகள் அதை மோந்து பார்த்துவிட்டு "கிளாஸ்ரூம் வாசனை" என்றாள்.

போர்க்காலத்தில் ஊரே இந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டது. மேலே குண்டு விழ, கீழே குடும்பங்கள் சமைத்தன, தூங்கின, பாதிரியார் பூசை வைத்தார். 1914 முடிவிலேயே நிலவறைக்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். பாட்டில் அடுக்குகளுக்கு நடுவே பெஞ்சு போட்டுப் பிள்ளைகள் படித்தன. போர் முடிந்து மேலே வந்து பார்த்தால் ஊரில் பெரும்பகுதி இடிபாடு. வழியில் நீங்கள் பார்க்கும் கட்டடங்கள் பல 1920களின் ஆர்ட் டெக்கோ பாணியில் இருப்பதற்குக் காரணம் அதுதான். குடிக்காதவர்களையும் நிலவறைக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். அது வெறும் மதுக்கிடங்கு இல்லை, ஊர் உயிர் பிழைத்த இடம்.

தொழிலும் சுவாரசியமானதே. சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. நம் தோசைமாவு பொங்குவதும் நொதிப்பால்தான், ஆனால் இங்கே மூடி இறுகியிருப்பதால் வாயு வெளியேற வழியில்லை. அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்தில் பாட்டில்கள் வெடிக்கும் என்று தொழிலாளர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். குறைந்தது பதினைந்து மாதம் கிடந்தபின், செத்த ஈஸ்ட் வண்டலாகத் தங்கும். அதை வெளியே எடுக்க, ஓட்டை போட்ட சாய்வுப் பலகையில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிறார்கள். பிறகு கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே விழும். இப்போது பெரும்பாலும் எந்திரம்தான் திருப்புகிறது. சில அறைகளில் பழைய பலகைகளை வைத்திருக்கிறார்கள்.

வண்டலை இறக்கும் இந்த முறையை உருவாக்கியது வெவ் க்ளிகோ கம்பெனி. 'வெவ்' என்றால் விதவை. பார்ப் நிக்கோல் போன்சார்தான் என்பவர் 1805இல், 27 வயதில் கணவரை இழந்து தொழிலைக் கையில் எடுத்தார். அன்றைய சட்டப்படி மணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, விதவை செய்யலாம். இன்னொருவர் மதாம் பொம்மெரி, அவரும் கணவர் இறந்தபின் வந்தவர். க்ரேயேர் பள்ளங்களை 18 கிலோமீட்டர் நிலவறையாக மாற்றியவர் அவர். இந்த ஊரின் புகழில் பெரிய பங்கு இரண்டு கைம்பெண்களுடையது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், தூண்களையும் வளைவுகளையும்விட இதுதான் அவருக்கு நினைவில் நிற்கும்.

எதற்குப் போவது? பள்ளங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பொம்மெரி, தெத்தாஞ்சே, ருய்னார், வெவ் க்ளிகோ, எல்லாம் செயின்ட் நிக்கேஸ் குன்றுப் பக்கம். பொம்மெரியில் சுண்ணச்சுவரிலேயே பெரிய புடைப்புச் சிற்பங்கள் உண்டு, பள்ளங்களுக்குள் நவீனக் கலைக் கண்காட்சியும் வைப்பார்கள், பையனுக்குப் பிடிக்கும். ஆனால் இறங்க 116 படி, ஏறவும் அதே 116. அம்மாவின் முட்டிக்கு இது பெரிய கேள்வி. எங்கே பதிவு செய்தாலும் "படி எத்தனை, லிஃப்ட் உண்டா" என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். கோடையிலும் எல்லோரும் ஸ்வெட்டர் எடுத்துப்போக வேண்டும். தரை ஈரமாக இருக்கும், தோல் செருப்பு வழுக்கும்.

கடைசியில் கோப்பையை நீட்டுவார்கள். "நோன், மெர்சி" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், யாரும் முகம் சுளிப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஊற்றவே மாட்டார்கள், பல இடங்களில் பழச்சாறு கொடுப்பார்கள். அதையே உங்களுக்கும் கேளுங்கள். சுவைத்தல் இல்லாத டிக்கெட் உண்டா என்றும் பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்க்கலாம்.

நிலவறையிலிருந்து வெளியே வந்தால் செயின்ட் ரெமி பசிலிக்கா அருகில்தான். இதை விட்டுவிடாதீர்கள். பேராலயத்தில் இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. 1049இல் திருத்தந்தை ஒன்பதாம் லியோ அர்ப்பணித்த கோவில், நீண்டு, ஒடுங்கி, இருட்டாக இருக்கும். க்ளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ரெமியின் கல்லறை இதில்தான். நடுவில் தொங்கும் வட்ட விளக்கில் 96 மெழுகுவர்த்தி, அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் வயது அது. முடிசூட்டு விழாவுக்கான எண்ணெய்க் குப்பி இந்தக் கோவிலில்தான் இருந்தது. புறா ஒன்று வானத்திலிருந்து கொண்டுவந்ததாக ஐதிகம். 1793இல் புரட்சிக்காரர்கள் அதை ஊர்ச் சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள். ஆனாலும் பாருங்கள், 1825இல் பத்தாம் சார்ல் முடிசூட வந்தபோது "ஒளித்து வைத்திருந்தோம்" என்று சில துளிகள் வெளியே வந்துவிட்டன.

நேரம் மிஞ்சினால், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1945 மே 7 அதிகாலை 2 மணி 41 நிமிடத்துக்கு நாஜி ஜெர்மனியின் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்தானது அங்கேதான். வரைபடங்கள் ஒட்டிய அந்த அறையை அப்படியே வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் போர்க்கதை பிடிக்குமென்றால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். திராட்சைத் தோட்டம் பார்க்கிறேன், இன்னொரு ஷாம்பெயின் ஊரான எப்பர்னே போகிறேன் என்று அதே நாளில் திணிக்காதீர்கள். வயதானவர்களோடு அது நடக்காது.

செயின்ட் ரெமியிலிருந்து நிலையத்துக்குத் திரும்ப நடக்க வேண்டாம், பேருந்தோ டாக்சியோ பிடியுங்கள். ஆறரை ஏழு மணி ரயிலைப் பிடித்தால், எட்டு மணிக்கெல்லாம் லா ஷப்பெலில் சூடாகக் கொத்து ரொட்டி சாப்பிடலாம்.